பக்கவாட்டில் வரும் பேருந்து ஏன் மெதுவாகத் தெரிகிறது?

வாசகர் கடிதம்: எனக்கு வயது 63. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. அந்தக் கண் தெளிவாகத் தெரிகிறது. இடது கண்ணிலும் புரை இருக்கிறது. ‘இன்னும் கொஞ்சம் முற்றட்டும்’ என்று நானே தள்ளிப் போட்டிருக்கிறேன். சென்ற வாரம் எங்கள் தெரு முடிந்து மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி, வலப்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, நேராகப் பார்த்தபடியே வண்டியைக் கிளப்பினேன். இடது ஓரத்தில் ஒரு பேருந்து எங்கோ தூரத்தில் மெல்ல வருவதாகத்தான் பட்டது. அடுத்த கணமே அது பாய்ந்து வந்து எனக்கு முன்னால் பிரேக் அடித்து நின்றது. இரவில் எதிரே வரும் பைக்கின் தூரமும் எனக்குப் பிடிபடுவதில்லை. தெருவில் குறுக்கே போகும் சைக்கிள்கள் சில நேரம் வளைந்து போவதுபோலவும் இருக்கிறது. கண்ணின் ஓரம்தான் அசைவை நன்றாகப் பிடிக்கும் என்கிறார்களே, பிறகு ஏன் எனக்கு இப்படி? கோளாறு கண்ணிலா, மூளையிலா? வண்டி ஓட்டுவதையே விட்டுவிட வேண்டுமா?

கண் மருத்துவரின் பதில்:

மதிப்பிற்குரிய ஐயா, வண்டி பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓட்டுவதை ஒரேயடியாக விட வேண்டியதில்லை. ஆனால் இடது கண்ணின் ஆபரேஷன் முடிந்து, கண் எவ்வளவு அகலம்வரை பார்க்கிறது என்று அளக்கும் பார்வைப் புலப் பரிசோதனையும் செய்து, உங்கள் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை இரவிலும் அந்தி நேரத்திலும் வண்டியைத் தொடாதீர்கள். அவர் இசைந்தால் பகலில் தெரிந்த சாலைகளில் மட்டும், கீழே நான் எழுதியிருக்கும் முறையில் சந்திகளைக் கடந்து ஓட்டலாம். உங்கள் மூளையில் கோளாறு இருப்பதாக நீங்கள் எழுதியவற்றிலிருந்து எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு நேர்ந்ததில் பாதி எல்லாக் கண்களுக்கும் பொதுவானது. மறு பாதி ஒரு கண்ணில் மட்டும் புரை தங்கியிருப்பதால் வந்தது. எந்தப் பாதி எது என்று பிரித்துப் பார்த்தால், எதைக் கண்டு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

கண்ணின் ஓரம் அசைவுக்கு வல்லது என்ற பேச்சிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பலரை விபத்துக்குள் இழுத்து விடுவது அந்த நம்பிக்கைதான். கையை நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்திப் பிடித்தால், அந்த நகத்தின் அகலம் உங்கள் கண்ணுக்கு ஏறத்தாழ இரண்டு பாகை. விழித்திரையின் நடுக்குழி கூர்மையாகப் பார்ப்பது அவ்வளவு இடத்தை மட்டுமே. அதற்கு வெளியே, பக்கவாட்டில் தொண்ணூறு பாகைக்குச் சற்று மேல்வரை விரிந்து கிடக்கும் பார்வை முழுவதும் படிப்படியாக மங்கிக்கொண்டே போகிறது. ஓரத்தில் ஒரு பொருளின் உருவம் அடையாளம் தெரியாத நிலையிலும் ‘ஏதோ அசைகிறது’ என்பது மட்டும் தெரிந்துவிடுவதால், ஓரப்பார்வை அசைவில் நடுப்பார்வையை மிஞ்சியது என்ற எண்ணம் பரவிவிட்டது. 1984 ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மெக்கீ, நாகயாமா இருவரும் இதை அளந்து பார்த்தபோது, ஓரத்திற்குப் போகப்போக அசைவை உணரும் திறனும் குறையவே செய்கிறது என்றும், உருவத்தைப் பிரித்தறியும் திறன் அதைவிட வேகமாகக் குறைந்துவிடுவதால்தான் அசைவு எடுப்பாகத் தெரிகிறது என்றும் தெளிவானது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே டைனன், செகுலர் என்ற இருவர், மெதுவாக நகரும் பொருள் ஓரத்தில் தெரியும்போது உள்ளதைவிட இன்னும் மெதுவாகத் தோன்றுகிறது என்று காட்டியிருந்தார்கள். ஆக, கண்ணின் ஓரம் வாசலில் ஆள் வந்திருப்பதைச் சொல்லும் நாயைப் போன்றது. வந்தவர் யார், எவ்வளவு விரைவாக வருகிறார் என்பதை அதனிடம் கேட்கக் கூடாது.

இதில் தொலைவு எங்கே வருகிறது என்று பார்ப்போம். வேகம் என்ற ஒன்று கண்ணுக்குள் நேரடியாக வருவதே இல்லை. விழித்திரையில் விழும் பிம்பம் ஒரு நொடிக்கு எத்தனை பாகை நகர்ந்தது என்பது மட்டுமே உள்ளே போகிறது. குறுக்கே நகரும் பொருளானால், அந்தக் கோண வேகத்தைப் பொருளின் தொலைவோடு பெருக்கினால்தான் உண்மை வேகம் கிடைக்கும். அந்தப் பெருக்கலை மூளை நமக்குத் தெரியாமலே ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது. ரயில் ஜன்னலோரம் அமர்ந்தவருக்குத் தண்டவாளத்தை ஒட்டிய கம்பங்கள் பறந்தாலும் தூரத்துப் பனைமரங்கள் ஊர்ந்தாலும் அவை எல்லாம் ஒரே இடத்தில் நிற்பவை என்பதில் குழப்பம் வராததற்குக் காரணம், எது அருகில், எது தொலைவில் என்ற கணக்கு அங்கே மூளைக்குச் சரியாகக் கிடைத்துவிடுவதே. அந்தக் கணக்கு கிடைக்காத இடத்தில், அல்லது தவறாகக் கிடைக்கும் இடத்தில், வேகமும் தவறிவிடும்.

உங்கள் பேருந்தையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் தெருமுனையில் நேராகப் பார்த்து நின்றீர்கள். நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால், இடமிருந்து வரும் வாகனம் சாலையின் அப்பால் பாதியில் வரும். உங்கள் கண்ணிலிருந்து அதன் பாதை குறுக்காக 8 மீட்டர் தள்ளி இருந்தது என்று வைத்துக்கொள்கிறேன். பேருந்தின் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 16.7 மீட்டர். அது உங்கள் முனையிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்கும்போது அதன் பிம்பம் உங்கள் கண்ணில் நகர்வது நொடிக்கு முக்கால் பாகை மட்டுமே. 30 மீட்டருக்கு வந்த பிறகு நொடிக்கு 8 பாகை. 10 மீட்டருக்கு வரும்போது 45 பாகைக்கும் மேல். ஒரே வேகத்தில், ஓட்டுநர் ஆக்சிலேட்டரைக் கூட்டாமலே வந்த பேருந்து, கண்ணில் மட்டும் ஐந்தரை நொடிக்குள் அறுபது மடங்கு வேகமெடுத்துவிடுகிறது. தொலைவைச் சரியாக உணரும் மூளை இதைச் சமன்செய்துகொள்ளும். தொலைவு பிடிபடாத மூளைக்கு, மெல்ல வந்த ஒன்று திடீரென்று பாய்ந்ததாகத்தான் தெரியும். நீங்கள் எழுதியிருக்கும் ‘பாய்ந்து வந்து’ என்ற சொல் இந்தக் கணக்கை அப்படியே சொல்கிறது.

தொலைவைச் சொல்ல மூளைக்குப் பல சாட்சிகள் உண்டு. இரண்டு கண்களுக்கும் இடையே பிம்பத்தில் விழும் சிறு வேறுபாடு ஒன்று. இதை 1838 இல் இங்கிலாந்தின் வீட்ஸ்டன் இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டும் தம் ஸ்டீரியோஸ்கோப் கருவியைக் கொண்டு நிறுவினார். ஒன்றை ஒன்று மறைப்பது, தெரிந்த பொருளின் அளவு, நாம் தலையை அசைக்கும்போது அருகில் உள்ளவை கூடுதலாக நகர்வது, நிழல், தூரத்தில் நிறமும் விளிம்பும் வெளிறுவது, பொருள் தரையைத் தொடும் இடம் பார்வையில் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பது ஆகியவை மற்றவை. சாலையில் மிகவும் உதவுவது கடைசியாகச் சொன்னதுதான். ஸ்கூட்டரில் அமர்ந்தவரின் கண் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருந்தால், 100 மீட்டர் தள்ளிச் சக்கரம் தரையைத் தொடும் இடம் அடிவானத்துக்கு முக்கால் பாகை கீழே இருக்கும். 30 மீட்டரில் அது இரண்டரைப் பாகை கீழே இறங்கிவிடும். நடுப்பார்வைக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. கண்ணின் கடைக்கோடியில் பார்ப்பவருக்கோ பேருந்தே ஒரு நிறத் திட்டாகத்தான் தெரியும். அதன் சக்கரம் எங்கே, தரை எங்கே என்று பிரியாது. ஓரமாக நிறுத்தியிருக்கும் ஆட்டோவோ கடைப் பலகையோ சக்கரத்தை மறைத்துவிட்டால் அந்தச் சாட்சியும் போயிற்று.

நிழலைப் பற்றி ஒரு வார்த்தை. கெர்ஸ்டன், மமாசியன், நில் ஆகிய மூவர் 1997 இல் செய்த சோதனையில், திரையில் ஒரு பந்து ஒரே பாதையில்தான் நகர்ந்தது. அதன் நிழலின் பாதையை மட்டும் மாற்றியதும், தரையோடு உருண்டு உள்ளே போன பந்து அந்தரத்தில் எழும்புவதாகப் பார்த்தவர்களுக்குத் தோன்றியது. தொலைவுக்கான ஒரு சாட்சியை மாற்றினால் அசைவே வேறாகிவிடுகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி உங்கள் கண்ணுக்கே உரிய பகுதிக்கு வருகிறேன். ஒவ்வொரு கண்ணும் தன் வெளிப்பக்கம் தொண்ணூறு பாகைக்கு மேல் பார்க்கும். மூக்குப் பக்கம் சுமார் அறுபது பாகை மட்டுமே பார்க்கும், ஏனெனில் மூக்கே மறைத்துவிடுகிறது. எனவே நேராகப் பார்த்து நிற்கும் ஒருவருக்கு இடப்புறம் அறுபது பாகைக்கு அப்பால் இருப்பதெல்லாம் இடது கண்ணுக்கு மட்டுமே சொந்தம். அந்தப் பிறைவடிவப் பகுதியில் இருகண் ஒப்பீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. கண்ணில் எந்தக் குறையும் இல்லாதவருக்கும் அங்கே ஒற்றைக் கண்தான். உங்கள் பேருந்து 100 மீட்டர் தள்ளி இருந்தபோது உங்கள் நேர்ப்பார்வையிலிருந்து 85 பாகை இடப்புறம் இருந்தது. 30 மீட்டருக்கு வந்தபோதும் 75 பாகை. ஆபரேஷன் ஆன உங்கள் நல்ல கண்ணின் எல்லைக்குள், அதாவது அறுபது பாகைக்குள், அது நுழைந்தபோது உங்கள் முனைக்கும் அதற்கும் இருந்த இடைவெளி 14 மீட்டர் மட்டுமே. ஒரு நொடிகூட இல்லை. அதுவரை அந்தப் பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தது புரை படிந்த இடது கண் ஒன்றுதான். ‘வலது கண் தெளிவாகத் தெரிகிறது’ என்று நீங்கள் எழுதியது உண்மை. அந்தத் தெளிவுக்கு அன்றைக்கு வேலையே கிடைக்கவில்லை.

புரைக்கண் பார்வையைக் குறைப்பதோடு நிற்பதில்லை, வேகத்தையும் குறைத்துக் காட்டுகிறது. வெளிச்சத்திற்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு மங்கினால் நகரும் பொருள் மெதுவாகத் தோன்றும் என்பதைத் தாம்சன் என்பவர் 1982 இல் காட்டினார். 1998 இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ஸ்னோடன் குழுவினர், கார் ஓட்டும் செயற்கைக் காட்சியில் முழுத் திரையையும் ஒரே சீராக மங்கலாக்கியபோது, தாங்கள் மெதுவாகப் போவதாக நினைத்து ஓட்டியவர்கள் வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். மூடுபனியில் எல்லாரும் இப்படித்தான் ஏமாறுகிறார்கள் என்றே பல ஆண்டுகள் சொல்லப்பட்டு வந்தது. 2012 இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் பிரெட்டோ என்பவரின் குழு அதில் ஒரு முக்கியமான திருத்தம் செய்தது. உண்மையான மூடுபனி எல்லாவற்றையும் ஒரே அளவில் மங்கலாக்குவதில்லை. தொலைவில் உள்ளது அதிகமாக மங்கும், அருகில் உள்ளது ஓரளவு தெளிவாகவே இருக்கும். சாலையில் தொலைவில் உள்ளவை பார்வையின் நடுவிலும், அருகில் உள்ள ஓரக்கற்களும் மரங்களும் பார்வையின் பக்கங்களிலும் இருப்பதால், இயற்கையான பனியில் விரைந்து நகரும் பக்கக் காட்சியே மேலோங்கி, வேகம் கூடுதலாகத் தோன்றி, ஓட்டுநர் தாமாகவே மெதுவாகப் போகிறார். மங்கலை எல்லாத் தொலைவுக்கும் ஒரே அளவில் பூசினால்தான் வேகம் குறைவாகத் தெரிகிறது. கண்புரை செய்வது இந்த இரண்டாவது வேலை. மார்கழிக் காலைப் பனியில் இத்தனை வருடம் பத்திரமாக ஓட்டியிருக்கிறேனே என்று நீங்கள் வைத்திருக்கக்கூடிய அனுபவத்தை, கண்ணுக்குள் இருக்கும் பனிக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

குறுக்கே போகும் சைக்கிள்கள் வளைவதுபோலத் தெரிவதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமாகப் பட்ட வரி அதுதான். ஒரு கண்ணுக்கு மட்டும் வெளிச்சம் குறைவாகப் போனால், அந்தக் கண்ணிலிருந்து செய்தி மூளைக்குச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி தாமதமாகப் போய்ச் சேரும். நிற்கும் பொருளில் இதனால் ஒன்றும் ஆகாது. குறுக்கே நகரும் பொருளிலோ, தாமதமான கண் அந்தப் பொருள் சற்று முன்பு இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரு கண்களும் சொல்லும் இடங்கள் வேறுபடுவதை மூளை தொலைவின் வேறுபாடாக எடுத்துக்கொண்டு, பொருளை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளிவிடும். இதை 1922 இல் விளக்கிய ஜெர்மானிய அறிஞர் கார்ல் புல்ஃப்ரிக்கின் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை; தம் பெயர் தாங்கிய இந்தத் தோற்றத்தை அவரால் ஒருமுறைகூடப் பார்க்க முடிந்ததில்லை.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு மீட்டர் நூலில் ஒரு நட்டைக் கட்டி, வெற்றுச் சுவருக்கு முன்னால், சுவரைத் தொடாதபடி தள்ளித் தொங்கவிட்டு, வேறொருவரை இடவலமாக ஊசல்போல ஆட்டிவிடச் சொல்லுங்கள். நீங்கள் இரண்டு மீட்டர் தள்ளி நாற்காலியில் அமர்ந்து, ஊசலுக்குப் பின்னால் சுவரில் ஏதாவது ஒரு புள்ளியை இரண்டு கண்ணாலும் பாருங்கள். நட்டு ஒரே கோட்டில் போய்வந்தால் நல்லது. அது உங்களை நோக்கி வந்து, பிறகு சுவர்ப்பக்கம் விலகி, நீள்வட்டமாகச் சுற்றுவதுபோலத் தெரிந்தால், உங்கள் இரு கண்களின் நேரமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். இது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்பினால், கண் நலமாக உள்ள வீட்டார் ஒருவரை, கூலிங் கிளாஸின் ஒரு பக்கத்தை மட்டும் ஒரு கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். ஊசல் உடனே சுற்றத் தொடங்கிவிடும்.

இடது கண் தாமதமாக இருந்தால், இடமிருந்து வலமாகப் போவது உள்ளதைவிடத் தொலைவிலும், வலமிருந்து இடமாகப் போவது உள்ளதைவிட அருகிலும் தெரியும். உங்களுக்கு முன்னால் பாய்ந்த பேருந்து இடமிருந்து வலமாக வந்தது என்பதைக் கவனியுங்கள். அது இரு கண்ணின் பார்வைக்குள் நுழைந்த அந்தக் கடைசி நொடியில்கூட, கண் உங்களுக்குச் சாதகமாகப் பேசியிருக்காது. ஆனாலும் இந்தத் திசையை வைத்து நீங்களே எதையும் முடிவுகட்ட வேண்டாம். 2019 இல் பர்ஜ் என்பவரும் அவருடைய குழுவினரும், ஒரு கண்ணின் பிம்பம் வெளிச்சம் குறையாமல் குவியம் மட்டும் தவறி மங்கினால், அந்தக் கண் தாமதமாவதற்குப் பதில் சற்று முந்திக்கொள்கிறது என்று கண்டார்கள். புரையில் இருட்டும் மங்கலும் சேர்ந்தே வருவதால் எது வெல்லும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதே ஆய்வின் இன்னொரு பயன்: உங்கள் இடது கண்ணுக்கு லென்ஸ் வைக்கும்போது, ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டப் படிப்பதற்குமாகப் பிரித்து வைத்தால் கண்ணாடியே வேண்டாம் என்று யாராவது யோசனை சொல்லலாம். வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அது வசதிதான். ஆனால் சாலையில் ஒரு கண்ணுக்குக் குவியம் தவறியே இருக்கும், இரு கண்களின் நேரமும் ஒத்துப்போகாமல் போகலாம். நாள்தோறும் ஸ்கூட்டர் ஓட்டும் உங்களுக்கு இரு கண்ணையும் தூரத்துக்கே வைத்துக்கொண்டு, படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

இரவு பைக் பற்றிய கேள்வி கண்புரை இல்லாதவருக்கும் உரியது. நேராக நம்மை நோக்கி வரும் வண்டி பக்கவாட்டில் நகர்வதில்லை. அது பெரிதாகிக்கொண்டே வருகிறது. அந்த வளர்ச்சியை வைத்துத்தான் எத்தனை நொடியில் வந்து சேரும் என்று கணிக்கிறோம். பிரேக் போடும் நேரத்தை ஓட்டுநர் இப்படித்தான் தீர்மானிக்கிறார் என்று 1976 இல் டேவிட் லீ எழுதினார். வளர்ச்சி நொடிக்குச் சுமார் 0.003 ரேடியன், அதாவது ஆறில் ஒரு பாகை அளவை எட்டினால்தான் ஓட்டுநர்களுக்கு அது உறைக்கிறது என்பது ஆய்வுகளில் கிடைத்த அளவு. அதுவும் நேராகப் பார்க்கும்போது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரண்டரை மீட்டர் அகலப் பேருந்து இந்த அளவை 118 மீட்டர் தொலைவிலேயே எட்டிவிடும். நமக்கு 7 நொடி கிடைக்கும். பகலில் 80 சென்டிமீட்டர் அகலமுள்ள பைக்கும் ஆளும் 67 மீட்டரில் எட்டுவார்கள், 4 நொடி. இரவில் உடல் மறைந்து, 20 சென்டிமீட்டர் ஹெட்லைட் மட்டும் மிஞ்சும்போது, 33 மீட்டருக்கு வந்த பிறகே வளர்ச்சி தெரியத் தொடங்கும், 2 நொடி. நம் நாட்டில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும்படி செய்திருப்பது, வண்டி ஒன்று வருகிறது என்பதைப் பார்க்க உதவுகிறது. அது எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை அந்த ஒற்றை விளக்கு சொல்வதில்லை. பிரிட்டனில் 2012 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முகப்பு விளக்கோடு இன்னும் இரண்டு சிறு விளக்குகளைத் தள்ளிவைத்து முக்கோணமாக அமைத்ததும் பைக்கின் வேகத்தைப் பார்ப்பவர்கள் மேலும் சரியாகக் கணித்தார்கள்.

பெரிய வண்டி முன்கூட்டியே தெரிகிறதே, அப்படியானால் பேருந்தில் ஆபத்து குறைவா என்று கேட்கலாம். அங்கே வேறொரு வலை இருக்கிறது. பெரிய உருவங்கள் உள்ளதைவிட மெதுவாக நகர்வதாகத் தோன்றும். லெவல் கிராசிங்கில் ரயிலைப் பார்த்தும் கடக்கத் துணிபவர்களைப் பற்றி அமெரிக்காவின் லைபோவிட்ஸ் 1985 இல் இந்த விளக்கத்தைச் சொன்னார். 2013 இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள், ஒரே வேகத்தில் வரும் காரையும் ரயிலையும் காட்டியபோது ரயிலின் வேகத்தையே பார்ப்பவர்கள் குறைத்து மதிப்பிட்டார்கள் என்று உறுதி செய்தார்கள். இரு வண்டிகளும் நகர்ந்துகொண்டிருக்கும்போது இன்னொன்றும் சேரும். இரண்டும் சீரான வேகத்தில் மோதும் பாதையில் போகும்வரை, மற்ற வண்டி நம் பார்வையில் அதே கோணத்திலேயே நின்றுகொண்டிருக்கும். விலகி நகர்ந்தால்தான் மோதாது. கடலில் கப்பலோட்டிகள் மோதலை முன்னறிய வைத்திருக்கும் விதியும் இதுவே. நகர்ச்சியைக் கண்டுதான் விழித்துக்கொள்ளும் ஓரப்பார்வைக்கு, உண்மையில் மோத வரும் வண்டிதான் எல்லாவற்றிலும் அசையாததாகத் தெரிகிறது. அது அசையவில்லை என்பதாலேயே ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

ஆகவே சந்தியில் செய்ய வேண்டியது இது. வண்டியை முழுதாக நிறுத்திக் காலை ஊன்றுங்கள். கண்ணை மட்டும் உருட்டாமல், முகவாய் தோளை நோக்கிப் போகும் அளவுக்குத் தலையைத் திருப்புங்கள். அப்போதுதான் இடப்பக்கம் வருவது உங்கள் வலது கண்ணுக்கும் தெரியும். பேருந்தின் முகப்பையோ மேல்பகுதியையோ பார்க்காமல், சக்கரம் சாலையைத் தொடும் இடத்தைப் பாருங்கள். பார்வையை அங்கேயே இரண்டு நொடி நிறுத்தி, அந்தச் சக்கரம் ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்கு எவ்வளவு விரைவில் வந்து சேர்கிறது என்று கவனியுங்கள். அசையாத கம்பங்களை அளவுகோலாக வைத்துப் பார்க்கும்போது வேகத்தைத் தவறவிடுவது கடினம். வலது, இடது, மறுபடி வலது என்று பார்த்த பின், கிளப்பும் கணத்தில் இடப்பக்கம் இன்னொரு முறை முகத்தைத் திருப்புங்கள். நீங்கள் அன்று விட்டது அந்தக் கடைசித் திருப்பத்தைத்தான். ஹெல்மெட் பக்கத்தை மறைக்கிறது என்று அதைக் கழற்றி மாட்டி வைக்க வேண்டாம். ஆபரேஷனுக்குப் பின் கொடுத்த பட்டைக் காதுக் கம்பியுள்ள கருப்புக் கண்ணாடிதான் கூடுதலாக மறைக்கும், வண்டி ஓட்டும்போது அதைத் தவிர்த்து மெல்லிய கம்பியுள்ள கண்ணாடிக்கு மாறுங்கள். தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒரே கண்ணாடியாக வரும் ப்ரோகிரெசிவ் கண்ணாடி வாங்கும் எண்ணம் இருந்தால் இரண்டு கண்ணும் முடியும்வரை பொறுங்கள். அதன் கீழ்ப் பக்கவாட்டில் காட்சி அலைவது இயல்பு; பழகாத கண்ணுக்கு அது இன்னொரு தொல்லை.

‘முற்றட்டும்’ என்று புரையைத் தள்ளிப்போடுவது பழைய ஆபரேஷன் முறையின் காலத்துப் பேச்சு. இன்றைய முறையில் புரை முற்ற வேண்டியதில்லை. முற்றிக் கெட்டியானால்தான் மருத்துவருக்கு வேலை கடினம். ஒரு கண் தெளிந்து மறுகண் மங்கி இருப்பது, இரண்டும் ஒரே அளவில் மங்கி இருப்பதைவிடச் சில நேரம் தொலைவுக் கணிப்பைக் கூடுதலாகக் குழப்பும். எனவே இரண்டாவது கண்ணுக்கு விரைவில் தேதி வாங்கிவிடுங்கள். போகும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: கண்ணழுத்தமும் பார்வை நரம்பும் பார்த்தாயிற்றா, பார்வைப் புலப் பரிசோதனை தேவையா, இருகண் ஆழப் பார்வை எவ்வளவு இருக்கிறது என்பவை. முதல் இரண்டையும் நான் வலியுறுத்துவதற்குக் காரணம், உங்கள் வயதில் கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோய் நடுப்பார்வையை விட்டுவிட்டு ஓரங்களை ஓசையில்லாமல் தின்னும். எழுத்துப் பலகையின் கடைசி வரியை வாசித்துவிட்டதால் அது இல்லை என்று ஆகிவிடாது. ஊசல் சோதனையில் நீங்கள் கண்டதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டாவது கண் முடிந்து சில வாரங்கள் கழித்தும் ஊசல் சுற்றுவதாகத் தெரிந்தால் பார்வை நரம்பைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஆபரேஷன் ஆன கண்ணின் ஓரத்தில், வெளியே எதுவும் அசையாதபோதே மின்னல் வெட்டுவதுபோல ஒளிக்கீற்று தெரிந்தாலோ, கரும்புள்ளிகளோ நூல்களோ திடீரென்று மொய்த்தாலோ, ஒரு பக்கத்திலிருந்து திரை விழுவதுபோல மறைத்தாலோ, அது தொலைவுக் கணக்கு பிசகியதால் வந்த தோற்றம் ஆகாது. விழித்திரை கிழிந்திருக்கலாம் அல்லது விலகத் தொடங்கியிருக்கலாம். வலி இருக்காது என்பதால் பலர் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். அப்படி நேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமையானாலும் அன்றைக்கே, வேறொருவரை வண்டி ஓட்டச் சொல்லி, விழித்திரைச் சிகிச்சை உள்ள கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.